கூலி பெற்ற சொல்: இந்திய இதழியலில் விளம்பரமும் வாசகர் நம்பிக்கையும்

முன்னுரை

ஒரு பொருளை நல்லதென்று பிறருக்கு எடுத்துரைப்பவர் அவ்வுரைக்காகக் கூலியும் பெறுவாராயின், அவர் சொல்லை எந்த அளவிற்கு நம்புவது? இணையத்தில் எழுதுவோர் தாம் பரிந்துரைக்கும் பொருளின் விற்பனையில் பங்கு பெறும் வழக்கம் பரவிய பின் இவ்வினா மீண்டும் மீண்டும் எழுப்பப்படுகிறது. ஆயினும், இது கணினியோடு பிறந்த வினா ஆகாது. அச்சு இயந்திரம் வருவதற்கு முன்பே தமிழ்ப் புலவர்கள் இதனை எண்ணிப் பார்த்து விதியும் வகுத்துள்ளனர். இருபதாம் நூற்றாண்டின் இந்திய இதழாசிரியர்களோ இதற்கு ஒன்றுக்கொன்று முரணான விடைகளைக் கண்டனர்.

இவ்விடைகளுள் சிலவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இந்திய விளம்பரத்தின் முழு வரலாறு இங்குக் கூறப்படவில்லை. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் நடத்திய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழின் பட்டறிவுக்கே இதில் பெரும்பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. விளம்பரத்தை ஏற்றும் பின்னர் விலக்கியும் பார்த்த இதழ் அது. அவ்வாறு செய்ததற்கான காரணங்களை எழுதி வைத்துச் சென்ற இதழாகவும் அது அமைந்திருப்பது ஆய்வாளருக்கு வாய்ப்பாகும்.

பாயிரம் சொல்வதற்கு உரியவர்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்திலக்கணத்தைத் தொடங்குமுன் பாயிர இலக்கணத்தைக் கூறுகிறது. ஒரு நூலாசிரியன் எத்துணைச் சிறந்த நூலைச் செய்திருப்பினும் தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளுதல் தகாது என்பது அந்நூலின் விதி. அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுது, தன் ஆற்றலை அறியாதார் நடுவே நிற்கும் பொழுது என்பன போன்ற சில நேரங்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்படுகிறது. எனவே சிறப்புப்பாயிரத்தைப் பிறர்தாம் செய்தல் வேண்டும். அப்பிறர் யாவர் என்பதையும் நன்னூலார் வரையறுக்கிறார். நூலாசிரியனின் ஆசிரியர், அவனோடு உடன் கற்றவர், அவனுடைய மாணாக்கர், தகுதி வாய்ந்த உரைகாரர் ஆகியோரே அதற்கு உரியவர்.

இப்பட்டியல் இன்றைய நோக்கில் வியப்பளிக்கக்கூடியது. மதிப்புரை எழுதுபவருக்கும் நூலாசிரியருக்கும் தொடர்பே இருத்தல் கூடாதென்று நாம் எதிர்பார்க்கிறோம். நன்னூலாரோ தொடர்புடையோரை மட்டுமே தேர்ந்தெடுக்கிறார். நால்வருள் எவரும் விருப்பு வெறுப்பற்ற நடுநிலையாளர் அல்லர். மாணாக்கன் ஆசிரியனைக் குறைத்துப் பேசுவான் என்று எவரும் கருதமாட்டார். ஆனால், கேட்பவனுக்குப் பாயிரம் செய்தவன் இன்ன உறவினன் என்பது வெளிப்படையாகத் தெரியும். தெரிந்த உறவுக்கு உரிய கழிவைக் கழித்துக்கொண்டு எஞ்சியதை அவன் ஏற்றுக்கொள்வான். மேலும், ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டினையும் சிறப்புப்பாயிரம் தெரிவித்தல் வேண்டும். வெறும் புகழ்ச்சி இவ்வெட்டனுள் இல்லை. ஒரு நூல் யாருக்கு உரியது என்று சொல்லும் கடமை, அது யாருக்கு உரியதன்று என்பதையும் குறிப்பாற் சொல்லிவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நூல்கள் அச்சேறத் தொடங்கிய பின் இவ்வொழுங்கு தளர்ந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) போன்ற பெரும்புலவர்களிடம் சிறப்புப்பாயிரம் பெறுவது நூலாசிரியர்க்குப் பெருமையாயிற்று. ஒரு நூலின் முன்னே பலருடைய சாற்றுகவிகள் பக்கம் பக்கமாக அச்சிடப்பட்டன. ஏட்டுச்சுவடிக் காலத்தில் நூலைக் கேட்டவர் அரங்கேற்ற அவையில் அமர்ந்திருந்தவர். பாடியவரையும் பாடப்பட்டவரையும் நேரில் அறிந்தவர். அச்சு நூலை வாங்கியவரோ தொலைவில் இருந்தவர். நட்பிற்காகவோ நன்கொடைக்காகவோ எழுதப்பட்ட பாட்டையும் நூலைக் கற்றுத் தெளிந்து எழுதப்பட்ட பாட்டையும் அவரால் பிரித்தறிய இயலவில்லை. புகழுரை மிகுந்தது, அதன் மதிப்புக் குறைந்தது.

அஞ்சலில் வந்த பொருள்

இக்காலத்திலேயே மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. இந்திய அஞ்சல்துறை 1877 இல் வி.பி.பி. முறையைத் தொடங்கியது. பொருளை அஞ்சல்காரர் கொண்டுவந்து கொடுக்கும்பொழுது விலையைச் செலுத்திப் பெற்றுக்கொள்ளும் முறை இது. மணியார்டர் 1880 இல் வந்தது. இவ்விரண்டும் சேர்ந்து சிற்றூர் வாசகரையும் சென்னை, பம்பாய் வணிகரையும் நேராக இணைத்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத் தமிழ் இதழ்களைப் புரட்டுவோர் தாது புஷ்டி லேகியம், கூந்தல் தைலம், கைக்கடிகாரம், சோதிட நூல் எனப் பலவகை விளம்பரங்களைக் காணலாம். அவற்றுட் பெரும்பாலானவை வி.பி.பி. வழியாகவே விற்கப்பட்டன.

பொருள் வந்து சேரும்வரை பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதால் இம்முறை வாங்குவோர்க்குக் காப்பளிப்பதாகத் தோன்றியது. உண்மையில் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்க இயலாது. ஆகவே வாசகர் தம் நம்பிக்கைக்கு வேறொரு பற்றுக்கோட்டைத் தேடினார். தாம் வாரந்தோறும் படிக்கும் இதழில் இவ்விளம்பரம் வந்திருக்கிறதே என்பதுதான் அப்பற்றுக்கோடு. அறிமுகமற்ற வணிகருக்கு இதழின் நற்பெயர் கடனாகக் கிடைத்தது. விளம்பரக் கட்டணம் என்பது தாளில் இடம் பெறுவதற்கான வாடகை மட்டுமன்று. அந்நற்பெயருக்கான வாடகையும் ஆகும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறிச் சென்ற தமிழ் இதழ்களைப் பொறுத்தவரை இஃது இன்னும் கூடுதலான உண்மை. ஈப்போவிலோ பினாங்கிலோ இருந்த சந்தாதாரர் சென்னைக் கடைக்கு நேரில் சென்று முறையிட வழியில்லை.

பணம் கைம்மாறாத பரிந்துரையும் வாசகரை இழப்பிற்கு உள்ளாக்கக்கூடும் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906 இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, பாரதியாரின் ‘இந்தியா’ வார இதழ் அதனை முனைந்து ஆதரித்தது. அவ்வாதரவில் கூலி ஏதுமில்லை. நாட்டுப்பற்றும் நட்புமே இருந்தன. கம்பெனியோ அரசின் அடக்குமுறையாலும் ஆங்கிலேயக் கம்பெனியின் போட்டியாலும் நலிந்து சில ஆண்டுகளிற் கலைந்தது. பங்கு வாங்கியோர் பணத்தை இழந்தனர். இருப்பினும் ‘இந்தியா’ தம்மை ஏமாற்றியதாக வரலாறு அவ்விதழைக் குறை கூறவில்லை. அவ்விதழ் எந்தப் பக்கத்தில் நின்றது என்பதை அதன் வாசகர் அனைவரும் அறிந்திருந்தனர்.

‘இந்தியன் ஒப்பீனியன்’: ஏற்றலும் விலக்கலும்

‘இந்தியன் ஒப்பீனியன்’ 1903 ஆம் ஆண்டு ஜூன் மாதம் டர்பன் நகரில் தொடங்கப்பட்டது. அச்சகம் மதன்ஜித் வியவகாரிக்குடையது. முதல் ஆசிரியர் மன்சுக்லால் நாஸர். இதழின் பொருட்சுமை மட்டும் தொடக்கத்திலிருந்தே காந்தியடிகளின் தோளில் விழுந்தது. ஒரு கட்டத்தில் மாதம் 75 பவுன் வீதம் தம் வழக்கறிஞர் வருவாயிலிருந்து அனுப்ப வேண்டியிருந்தது என்று அவர் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் இதழ் வெளிவந்தது. விளம்பரங்களும் இருந்தன. அச்சகம் பிறருடைய அச்சு வேலைகளையும் கூலிக்கு ஏற்றுச் செய்தது.

தமிழ் வாசகர் முதலில் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகளுள் தமிழர் பெருந்தொகையினர். ஆயினும் இதழின் தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் 1906 இல் நிறுத்தப்பட்டன. தகுதியான ஆசிரியர்களும் அச்சுக் கோப்போரும் அமையவில்லை. பெயரளவில் மட்டும் அப்பகுதிகளை நடத்திக்கொண்டிருப்பது வாசகரை ஓரளவு ஏமாற்றுவதாகும் என்று தாம் கருதியதாகப் பின்னாளில் தம் தன்வரலாற்றில் காந்தியடிகள் விளக்குகிறார். தமிழர்க்கு இது பேரிழப்பு என்பதில் ஐயமில்லை. அம்முடிவு சரியானதா என்று வாதிடவும் இடமுண்டு. ஆனால் விளம்பரம் பற்றிய அவருடைய பிற்கால முடிவைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோலாக அமைகிறது. இதழின் எப்பகுதியும் தான் எதுவெனக் காட்டிக்கொள்கிறதோ அதுவாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் கைக்கொண்ட அளவுகோல்.

இதழும் அச்சகமும் 1904 ஆம் ஆண்டின் இறுதியில் டர்பனுக்கு அருகிலுள்ள பீனிக்ஸ் குடியிருப்புக்கு மாற்றப்பட்டன. அங்கிருந்தோர் ஒவ்வொருவருக்கும் மூன்று ஏக்கர் அளவில் நிலம் பிரித்தளிக்கப்பட்டது. நிறமோ நாடோ கருதாமல் மாதம் மூன்று பவுன் உதவித்தொகையாக வரையறுக்கப்பட்டது. செலவைச் சுருக்கியதன் பின்னரே வருவாயைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இதழுக்குக் கிட்டியது. இவ்வரிசை முறையைப் பலர் கவனிப்பதில்லை. காந்தியடிகள் விளம்பரத்தைத் துறந்தார் என்று போற்றுவோர், அத்துறவுக்கு எட்டாண்டுகளுக்கு முன்னரே மூன்று பவுன் வாழ்க்கை தொடங்கிவிட்டது என்பதை மறந்துவிடுகின்றனர்.

விளம்பரங்களை நிறுத்தும் முடிவு 1912 ஆம் ஆண்டு செப்டம்பரில் இதழில் அறிவிக்கப்பட்டது. பீனிக்ஸ் குடியிருப்பை ஓர் அறக்கட்டளையாக மாற்றிய ஆவணமும் அதே வேளையில் வெளியாயிற்று. விளம்பர முறை முறையற்ற போட்டியை வளர்க்கிறது, பெருமளவிலான பொய்யுரைக்கு இடமளிக்கிறது என்னும் பொருள்பட அவ்வறிவிப்பு அமைந்தது. மனச்சான்றுக்கு ஒவ்வாத விளம்பரங்களை அதுவரையிலும் மறுத்தே வந்ததாகவும் அது கூறியது.

அறிவிப்பைக் காட்டிலும் பின்னாளில் அவர் எழுதிய விளக்கம் ஆழமானது. விளம்பரம் திரட்டுவதற்கு நல்ல ஊழியர் சிலரை அனுப்ப வேண்டியிருந்தது. அவர்கள் வணிகர்களை முகமன் கூறி மகிழ்விக்க வேண்டியிருந்தது. எதை ஏற்பது, எதை மறுப்பது என்பதும் ஓயாத தொல்லையாயிற்று. ஒரு விளம்பரம் தகாததென்று தெரிந்தும், அதைக் கொடுத்தவர் சமூகத்தின் தலைவர்களுள் ஒருவராக இருந்து வருத்தம் கொள்வாரோ என்னும் தயக்கத்தால் ஏற்க நேர்ந்தது. இங்குக் காந்தியடிகள் பொய் விளம்பரத்தால் வாசகர் கெட்டார் என்று மட்டும் கூறவில்லை. விளம்பரம் வாங்கும் ஆசிரியரின் நாக்கு எவ்வாறு மெல்ல மாறுகிறது என்பதையே அவர் காட்டுகிறார். தரகு வாங்குவோரின் நேர்மையைப் பற்றிப் பேசும்பொழுது நாம் வழக்கமாகப் பொய்யை மட்டும் தேடுகிறோம். அவர் கண்ட கேடு பொய்க்கு முந்திய நிலையில் உள்ளது. அதற்கு முகதாட்சண்யம் என்று பெயர்.

விளம்பரத்தோடு வெளியாருக்கான அச்சு வேலையும் நிறுத்தப்பட்டது. அதனால் அச்சுக் கோப்போருக்குக் கிடைத்த ஓய்வு நேரத்தில் நூல்கள் வெளியிடப்பட்டன. அவை நன்கு விற்றன. இலாப நோக்கமின்றிப் போராட்டத்திற்கு உதவும் நூல்களையே வெளியிட்டதால் மக்கள் வாங்கினர் என்று அவர் காரணம் கூறுகிறார். இதழின் சந்தாதாரர் தொகை ஒரு காலத்தில் 3,500 வரை உயர்ந்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜோகன்னஸ்பர்க் சேரும் இதழ் தாமதமானால் முறையீடுகள் குவியும். ஒருவர் வாசிக்கப் பலர் சுற்றியமர்ந்து கேட்பர். சந்தா செலுத்த இயலாதோர் சிலர் சேர்ந்து ஒரு படி வாங்குவர். சமூகம் விரும்பினால் மட்டுமே இதழ் வாழட்டும் என்று விட்டுவிட்டதால், சந்தாதாரர் தொகையே அச்சமூகத்தின் மனநிலையைக் காட்டும் அளவுகோலாயிற்று.

இதனை ஓர் இலட்சியக் கதையாக மட்டும் படிப்பதில் எமக்கு உடன்பாடில்லை. சந்தா மட்டுமே அவ்விதழைக் காக்கவில்லை. பார்சி ருஸ்தம்ஜி போன்ற வணிகர்களின் கொடையும், காந்தியடிகளின் சொந்த வருவாயும், பீனிக்ஸ் ஊழியர்களின் குறைந்த கூலியும் சேர்ந்தே அதனைத் தாங்கின. விளம்பரதாரரிடமிருந்து விடுபட்ட இதழ் கொடையாளரைச் சார்ந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. போராட்டத்திற்காகக் கொடை அளித்தவர் தம் சரக்கைப் பற்றி ஆசிரியர் எழுத வேண்டுமென்று எதிர்பார்க்கவில்லை. இந்தியா திரும்பிய பின் 1919 இல் ‘யங் இந்தியா’, ‘நவஜீவன்’ ஆகிய இதழ்களை ஏற்றபொழுதும் காந்தியடிகள் தொடக்கத்திலிருந்தே விளம்பரத்தை மறுத்தார். ஒரு காலத்தில் இரண்டும் தனித்தனியே ஏறத்தாழ 40,000 படிகள் விற்றன. விளம்பரமின்மை அவற்றின் சுதந்திரத்தைக் காக்கப் பெரிதும் துணைசெய்தது என்பது அவருடைய கணிப்பு. நாடறிந்த ஒரு தலைவரின் இதழுக்கு இயன்ற இவ்வழி, பெயரறியா ஓர் எழுத்தாளரின் சிற்றிதழுக்கு இயலுமா என்னும் ஐயத்தை அக்கணிப்பு தீர்த்துவிடவில்லை.

மருந்திலிருந்து பிறந்த நாளிதழ்

காந்தியடிகளின் வழிக்கு நேரெதிரான வழியில் சென்றும் மதிப்பிழக்காதோர் உண்டு. காசீநாதுனி நாகேசுவர ராவ் (1867–1938) பம்பாயில் 1893 இல் அமிர்தாஞ்சன் தைலத்தை உருவாக்கி விற்றார். இசைக் கச்சேரிகளில் அதனை இலவசமாக வழங்கி மக்களிடையே பரப்பினார் என்பர். அத்தைலத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு 1908 இல் பம்பாயிலேயே ‘ஆந்திர பத்திரிகை’ என்னும் தெலுங்கு வார இதழைத் தொடங்கினார். 1914 இல் அது சென்னைக்கு இடம்பெயர்ந்து நாளிதழாயிற்று. ‘பாரதி’ என்னும் இலக்கியத் திங்களிதழும் 1924 இல் அவரால் நிறுவப்பட்டது. ஆந்திர மக்கள் அவருக்குத் ‘தேசோத்தாரக’ என்னும் பட்டம் அளித்தனர். சென்னை மயிலாப்பூரில் அவர் பெயரால் இன்றும் பூங்கா ஒன்று உள்ளது.

இங்கு இதழின் உரிமையாளரும் விளம்பரதாரரும் ஒருவரே. இன்றைய விதிகளின்படி இது ஐயத்துக்குரிய நிலை. ஆயினும் தைலக்காரரின் பத்திரிகை இது என்பதை அறியாத வாசகர் எவருமிலர். உறவு ஊரறிந்ததாக இருந்தமையால் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நன்னூலாரின் மாணாக்கன் பாயிரம் செய்வதைப் போன்ற நிலை இது. மேலும், தைலத்தால் வந்த பணம் இதழுக்குள் சென்றதேயன்றி, இதழின் கருத்துரை தைலத்துக்கு விற்கப்படவில்லை.

தமிழில் ‘ஆனந்த விகடன்’ வரலாறு சற்றே சிக்கலானது. பூதூர் வைத்தியநாதையர் 1926 இல் தொடங்கிய இவ்விதழை எஸ்.எஸ். வாசன் 1928 இல் வாங்கினார். வாசன் அப்பொழுது அஞ்சல்வழி வணிகமும் விளம்பர முகவர் தொழிலும் நடத்தியவர். தாம் அனுப்பிய விளம்பரம் வெளிவராததை விசாரிக்கச் சென்ற இடத்தில் இதழ் நின்றுபோனதை அறிந்தார் என்றும், பெயரிலுள்ள எழுத்து ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய்க்கு வாங்கினார் என்றும் கூறுவர். கதை எவ்வாறாயினும், விளம்பரத் தரகர் ஒருவர் தமிழின் பெரும் வார இதழ் ஒன்றைக் கட்டி எழுப்பினார் என்பது வரலாறு. கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியைப் போன்றோரின் எழுத்தும், குறுக்கெழுத்துப் போட்டிகளும், விளம்பரமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

கல்கியின் ‘தியாகபூமி’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கே. சுப்பிரமணியம் இயக்கிய அத்திரைப்படம் 1939 இல் வெளியாயிற்று. அது தயாராகிக்கொண்டிருந்த பொழுதே, படத்தின் காட்சிகளையே சித்திரங்களாகக் கொண்டு கதை ‘ஆனந்த விகடன்’ இதழில் தொடராக வந்தது. தொடரைப் படித்தவர் இலக்கியத்தைப் படித்தாரா, படத்தின் விளம்பரத்தைப் படித்தாரா? இரண்டையுமே என்று சொல்லலாம். வாசகர்க்கு அது தெரிந்தே இருந்தது. படங்களே அதனை அறிவித்தன. அதே கல்கி ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் எழுதிய இசை விமர்சனங்களில் பெரிய வித்துவான்களையும் விட்டுவைக்கவில்லை. விளம்பரத்தால் வாழ்ந்த இதழில் அத்தகைய விமர்சனத்துக்கு இடம் இருந்தமையே விளம்பரத்தின் மீதும் வாசகர் வைத்த நம்பிக்கைக்கு அடிப்படையாயிற்று எனலாம். குறை கூறத் தெரிந்தவரின் பாராட்டுக்குத்தான் விலையுண்டு.

மூன்றாவது வழியொன்றையும் தமிழ்ச் சிற்றிதழ் உலகம் கண்டது. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய ‘எழுத்து’ 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தது. திறனாய்வுக்கும் புதுக்கவிதைக்கும் அது ஆற்றிய பணி யாவரும் அறிந்தது. அதற்கு ஈடாகச் செல்லப்பா தம் உடைமைகளை இழந்தார்; நூல்களைத் தாமே சுமந்து சென்று விற்றார். விளம்பரமற்ற சுதந்திரத்தின் செலவை இங்கு ஏற்றுக்கொண்டது ஒரு குடும்பம்.

சட்டம் தலையிட்ட வரலாறு

விடுதலைக்குப் பின் இந்திய அரசு 1954 இல் மருந்துகள் மற்றும் மாய மருத்துவம் தொடர்பான ஆட்சேபத்திற்குரிய விளம்பரங்களைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. மலாயாவிலும் 1956 இல் மருந்து விளம்பரம், விற்பனை ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. ஹம்தர்த் தவாகானா வழக்கில் 1959 டிசம்பரில் தீர்ப்பளித்த இந்திய உச்சநீதிமன்றம், தடைசெய்யப்பட்ட மருந்துகளுக்கான வணிக விளம்பரம் கருத்துரிமையின் காப்பைப் பெறாது என்றது. டாட்டா பிரஸ் வழக்கில் 1995 இல் அதே நீதிமன்றம், வணிக விளம்பரமும் கருத்துரிமையில் அடங்கும், ஆனால் ஏமாற்று விளம்பரம் அடங்காது என்று தெளிவுபடுத்தியது.

இச்சட்டங்கள் விளம்பரம் என்று தெரியும் விளம்பரத்தையே நோக்கின. புதிய கேடு செய்தியின் உடையில் வந்தது. பென்னட் கோல்மன் நிறுவனம் 2003 இல் தொடங்கிய ‘மீடியாநெட்’ திட்டம், கட்டணம் பெற்றுப் பிரமுகர், நிறுவனம் பற்றிய எழுத்துகளை வெளியிட வழிசெய்தது. பிற நிறுவனங்களின் பங்குகளைப் பெற்றுக்கொண்டு அவற்றுக்கு விளம்பர இடம் தரும் ஒப்பந்தங்களும் தோன்றின. ஊடக நிறுவனங்கள் அத்தகைய பங்குகளைத் தம் செய்திகளிலேயே வெளிப்படுத்த வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2010 இல் அறிவித்தது.

2009 ஆம் ஆண்டுத் தேர்தல்களில் வேட்பாளரிடம் பணம் பெற்றுச் செய்தி வெளியிடும் வழக்கம் அம்பலமாயிற்று. மராத்திய மாநிலச் சட்டமன்றத் தேர்தலின்போது ஒரே புகழுரை வெவ்வேறு நாளிதழ்களில் வெவ்வேறு பெயர்களில் வெளியானதைப் பி. சாய்நாத் ‘தி இந்து’ நாளிதழில் எடுத்துக்காட்டினார். பரஞ்சய் குகா தாகுர்தா, கே. சீனிவாச ரெட்டி ஆகியோர் அடங்கிய இந்தியப் பத்திரிகை மன்றத்தின் துணைக்குழு 2010 இல் அறிக்கை அளித்தது. நிறுவனங்களைப் பெயர் சுட்டிய அம்முழு அறிக்கையை மன்றம் உடனே வெளியிடவில்லை. மத்தியத் தகவல் ஆணையத்தின் ஆணைக்குப் பின் 2011 இல்தான் அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. நம்பிக்கையைப் பற்றிய அறிக்கையே மறைத்து வைக்கப்பட்டது என்பதை வேறு சொற்களால் விளக்க வேண்டியதில்லை.

சுட்டியின் வழியே தரகு

அமேசான் நிறுவனம் 1996 ஜூலையில் தன் கூட்டாளர் திட்டத்தைத் தொடங்கியபோது அது பெரும்பாலும் நூல் விற்கும் கடையாக இருந்தது. ஒருவர் தம் பக்கத்தில் ஒரு நூலைப் பரிந்துரைத்துச் சுட்டி அளிப்பார். அச்சுட்டியில் அவருக்குரிய குறியீடு பொதிந்திருக்கும். அதன்வழி சென்ற வாசகர் நூலை வாங்கினால் விலையில் ஒரு பங்கு பரிந்துரைத்தவரைச் சேரும். வாசகர் கூடுதலாக ஒன்றும் செலுத்துவதில்லை. இதழ்களில் விளம்பரதாரர் இடத்துக்குப் பணம் கொடுத்தார். விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டணம் ஒன்றே. இங்கோ விற்றால் மட்டுமே கூலி. ஆசிரியரின் சொல்லுக்கும் வாசகரின் பணப்பைக்கும் இடையிலிருந்த தொலைவு இவ்வாறு சுருங்கியது.

அமெரிக்க வணிக ஆணையம் 2009 இல் தன் நெறிமுறைகளைத் திருத்தி, இணையத்தில் எழுதுவோரும் தம் பொருளியல் தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்றது. சிங்கப்பூரின் விளம்பரத் தர ஆணையம் 2016 இல் சமூக ஊடகங்களுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. இந்தியாவில் 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்தைப் பரிந்துரைப்போருக்கு முதன்முறை பத்து இலட்சம் ரூபாய் வரையும் மீண்டும் செய்தால் ஐம்பது இலட்சம் வரையும் தண்டம் விதிக்க இடமளித்தது. அதன்கீழ் 2022 ஜூனில் வந்த நெறிமுறைகள், பரிந்துரைப்பவருக்கும் வணிகருக்கும் உள்ள தொடர்பை வாசகர் அறியச் செய்தல் கட்டாயம் என்கின்றன. உறவு தெரிந்த பின் பாயிரத்தைக் கேட்கலாம் என்னும் நன்னூலாரின் நிலைக்கே சட்டம் வந்து சேர்ந்துள்ளது.

ஆனால் காந்தியடிகள் சுட்டிய முகதாட்சண்யத்தை இவ்வறிவிப்புகள் எட்டவில்லை. ‘இச்சுட்டி வழியே வாங்கினால் எனக்குத் தரகு கிடைக்கும்’ என்னும் வரி, எழுதப்பட்ட பரிந்துரையின் பின்னணியைத் தெரிவிக்கும். தரகு கிடைக்காத காரணத்தால் எழுதப்படாமலே போன பரிந்துரையைப் பற்றி அவ்வரி ஒன்றும் சொல்லாது. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ முந்நூறு படிகள் அச்சிட்டுத் தம் கையாலேயே விற்கும் ஒரு தமிழ் நூலாசிரியருக்கு எந்தப் பெருங்கடையிலும் குறியீடு இல்லை. அவருடைய நூலைக் குறிப்பிடும் சுட்டி எவருக்கும் ஒரு காசும் ஈட்டித் தராது. நாம் வாசிக்கும் பரிந்துரைப் பட்டியல்களில் அத்தகைய நூல்கள் எத்தனை இடம் பெற்றுள்ளன என்பதை எண்ணிப் பார்க்கும் ஆய்வு தமிழில் செய்யப்பட வேண்டும். பட்டியலின் அடியில் அச்சிடப்படும் எந்த அறிவிப்பும் அந்த எண்ணிக்கையைத் தருவதில்லை.